அட்டையில் இரண்டு பாதங்கள்

வயலின் இன்னும் வரவில்லை.
பள்ளியிலிருந்து ஒரு சீட்டு மட்டும் வந்தது:
காலி வெண்ணெய்ப் பெட்டி ஒன்று,
மர அளவுகோல் ஒன்று,
ரப்பர் வளையம் நான்கு,
பிள்ளை நிற்பதற்கு ஓர் அட்டை.

மிஷ்கோல்ட்ஸில் நவம்பர். நாலு மணிக்கே இருட்டு.
சனிக்கிழமை தின்ற பீட்சாவின் பெட்டியைப் பிரித்துப் போட்டு
அதன்மேல் போரோகாவை நிறுத்தினேன்.
பென்சில் குதிகாலைச் சுற்றும்போது
"கூசுதும்மா" என்று நெளிந்தாள்.
இடது பாதம் ஒரு பிடி முன்னால்,
ஜன்னலில் தெரியும் புகைபோக்கியைப் பார்த்தபடி.
இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணெய்க் கறை.
அது பொத்தானாம்.
அழுத்தினால்தான் பாட்டு தொடங்குமாம்.

ஆறு வாரம் வெண்ணெய்ப் பெட்டி.
தாடைக்கும் தோளுக்கும் நடுவே அதை இடுக்கிக்கொண்டு
சமையலறைக்கும் குளியலறைக்கும் நடந்தாள்,
கையை விட்டாலும் விழவில்லை பார் என்று.
கீழ்வீட்டு வென்ட்செல் படியில் மறித்துக் கேட்டார்:
"பிள்ளை வயலின் கற்கிறதாமே,
ஒன்றும் காதில் விழவில்லையே?"
விழும், பொறுங்கள் என்றேன்.

ஜனவரியில் விழுந்தது.

பத்தில் ஒரு பங்கு அளவு. மாத வாடகை.
உறைக்குள் யாரோ ஒரு பிள்ளை ஒட்டிவிட்டுப் போன
வாத்து ஸ்டிக்கர், பாதி கிழிந்தது.
முதல் இழுப்பில் பூனை அலமாரிமேல் ஏறியது.
வென்ட்செல் துடைப்பக் கட்டையால்
தன் கூரையை, அதாவது எங்கள் தரையை,
இரண்டு முறை தட்டினார்.
போரோகா குனிந்து நன்றி சொன்னாள்.

கூட வருகிறவர்களும் கற்க வேண்டும் என்பது எதெல்காவின் சட்டம்.
என்னைவிடப் பத்து வயது சின்னவள்,
சளி பிடித்த மூக்கோடு சொன்னாள்:
"வில்லைப் பிடிக்காதீர்கள்.
விரல்கள் அதன்மேல் சும்மா கிடக்கட்டும்."

கிடக்கட்டுமாம்.
நான் டிராம் ஓட்டுகிறவள்.
பதினொரு வருடமாக என் கைக்குத் தெரிந்த ஒரே பாடம்:
பிடி தளர்ந்தால் வண்டி நின்றுவிடும்.
அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள் அந்தக் கைப்பிடியை,
ஓட்டுகிறவள் மயங்கினாலும், செத்தே போனாலும்
ஏறியவர்கள் பிழைக்கட்டும் என்று.
இங்கே பிடி இறுகினால்
ஒலி நின்றுவிடுகிறது.

அந்தக் கையைத்தான் மகளின் முழங்கையிலும் வைத்தேன் போல.
பிப்ரவரியில் ஒரு நாள், வேலை முடிந்து வந்த சூட்டோடு,
இன்னும் ஒரு தடவை என்றேன்.
இன்னும் ஒரு தடவை.
அவள் எண்ணியிருக்கிறாள்: ஒன்பது தடவை.

வில்லை மேஜையில் மெதுவாக வைத்தாள்.
வயலினை உறைக்குள் படுக்க வைத்து மூடினாள்.
அட்டையை விட்டு இறங்கி
ஒரு முழம் தள்ளித் தரையில் நின்றாள்.
"இங்கே நின்னா நான் வயலின்காரி இல்லை.
இப்போ சொல்லு, என்ன சொல்லணுமோ."

தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.
ரொட்டி வேணுமா என்றேன்.
வேணும் என்றாள்.
ஜாம் தடவியா?
தடவி.

மறுநாளிலிருந்து நான் முதுகைக் காட்டிக்கொண்டு
வெங்காயம் நறுக்கினேன்.
எங்களுக்கு அவ்வளவு வெங்காயம் தேவையில்லை.
முதுகுக்குப் பின்னால் கீச்சு, கரகரப்பு,
நடுநடுவே பூனையோடு சச்சரவு,
நீளமாக ஒரு மௌனம் (மூக்கைத் துடைக்கிறாள்),
பிறகு ஏ தந்தியில் ஒரே ஓர் இழுப்பு
வில்லின் அடியிலிருந்து நுனிவரை
எங்கும் கிழியாமல் வந்தது.

அவள் கவனிக்கவில்லை.
நான் திரும்பவில்லை.
கீழே கட்டை தட்டவும் இல்லை.

ஏப்ரலில் பார்த்தால்
பென்சில் கோட்டுக்கு வெளியே ஒரு பெருவிரல் நகம்.
புது அட்டை வேண்டும் என்றாள்.
"இந்தத் தடவை நான் வரையறேன்.
முதல்ல நீ ஏறு."

ஏறினேன்.
நாளெல்லாம் மணியை மிதித்து மிதித்து
சும்மா இருக்கத் தெரியாத என் இடது கால்
அட்டைமேல் துடித்தது.
"அசையாதே" என்றாள்,
நாக்கைக் கடித்தபடி, தரையோடு தரையாக.

கூசியது.
சொல்லவில்லை.